பின்னால் இருந்து வந்தவருக்கு ஏன் நாரி நோகிறது?

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகிறவர்கள் முறிகண்டியில் நிற்காமல் போவது குறைவு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் பயணம் தொடரும். அங்கே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே கால் கழுவப் போய்விடுவார். பின்னால் இருந்து வந்தவர் இறங்கியதும் நாரியில் இரண்டு கைகளையும் ஊன்றி, பின்பக்கமாக வளைந்து, மெல்ல நிமிர்வார்.

ஓட்டியவர்தான் கியர் மாற்றினார், மாட்டுக்கும் மயிலுக்கும் பிரேக் பிடித்தார், எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கினார். மற்றவர் சும்மா இருந்தார். சும்மா இருந்தவருக்குத்தான் நாரி நோகிறது. ஏன்?

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்கள், கிராமம் கிராமமாகச் சுற்றும் வெளிக்கள உத்தியோகத்தர்கள், வைத்தியசாலைக்கு மாதம் ஒருமுறை அப்பாவையோ அம்மாவையோ ஏற்றிப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரிந்த நோவு. அதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வும் ஒன்றுதான்: "பின்னுக்கு ஒரு சாய்வு அடியுங்கோ." முதுகைத் தாங்கும் சாய்வு நல்லதுதான். ஆனால் எந்த நோவுக்கு அது மருந்து, எதற்கு அது மருந்தே இல்லை என்று தெரியாமல் பொருத்தினால், காசும் போய் நோவும் மிஞ்சும். ஆகவே கடைக்குப் போகுமுன் புதிரை அவிழ்ப்போம்.

ஒரு சின்னப் பரிசோதனை. சாதாரணக் கதிரையின் முன்விளிம்பில், சாயாமல், பாதம் நிலத்தில் படும்படி இருங்கள். இரண்டு கைகளையும் இடுப்பு என்பின் மேல்விளிம்பில் வையுங்கள். இப்போது பாதங்களுக்குக் கீழே ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கச் சொல்லுங்கள். முழங்கால் இடுப்பை விட உயரத் தொடங்கும்போது கைகளுக்கு ஒரு மாற்றம் தெரியும். இடுப்பு என்பு பின்பக்கமாக உருளும். கூடவே, உள்நோக்கி வளைந்திருந்த கீழ் முதுகு வெளிப்பக்கமாகக் கூன் போடும். நீங்கள் விரும்பிச் செய்ததல்ல இது. தொடையையும் இடுப்பையும் பின்பக்கமாக இணைக்கும் தசைகளும் நார்களும் இழுத்துச் செய்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஜே. ஜே. கீகன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1953 இல் இதைத்தான் எக்ஸ்-கதிர்ப் படங்களில் காட்டினார். ஆட்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தொடையை வெவ்வேறு கோணங்களில் மடக்கி, ஒவ்வொரு நிலையிலும் முள்ளந்தண்டைப் படம் பிடித்தார். உடலுக்கும் தொடைக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகை இருக்கும்போது நாரியின் வளைவு இயல்பாக இருந்தது. கோணம் 90 பாகைக்கு வரும்போது வளைவு தட்டையானது. அதற்கும் கீழே போனால் கூன்தான்.

இனி உங்கள் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஓட்டுநரின் மிதிதடம் கீழே இருக்கிறது. பின்னால் இருப்பவரின் மிதிதடம் அதைவிட நன்றாக மேலே. 100, 125 சீசீ வண்டிகளில் பின்னால் இருக்கும் உயரமான ஆளின் முழங்கால் இடுப்பளவுக்கு வந்துவிடும். செங்கல் அடுக்கிய கதிரையில் ஒரு மணிநேரம் இருப்பது போலத்தான் அவர் பயணம். புதிரின் முதல் விடை இது: சும்மா இருந்தவரின் இடுப்பு, ஏறிய கணத்திலிருந்தே பின்னால் உருண்டு கிடந்தது.

இடுப்பு உருண்டால் என்ன கெட்டுப்போகிறது? முள்ளந்தண்டின் என்புகளுக்கு இடையே தட்டையான, நீர்ச்சத்து மிகுந்த வட்டுகள் இருக்கின்றன. இவற்றை இடைவட்டு என்போம். நடுவில் கூழ் போன்ற பகுதி. அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார் வளையம். முதுகு கூனும்போது வட்டின் முன்விளிம்பு நசியும், பின்விளிம்பு இழுபடும், முதுகின் பின்பக்க இணைநார்கள் நீண்டு நிற்கும். நீண்ட நேரம் இழுபட்ட இணைநார் மெல்ல மெல்லத் தளர்ந்து இன்னும் நீளும். இறங்கியவுடன் நிமிர முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிரோடு இருக்கும் மனிதரின் முள்ளந்தண்டுக்குள் எவ்வளவு அமுக்கம் என்று யார் அளந்தது? அந்தக் கதை சொல்லத் தகுந்தது. சுவீடனைச் சேர்ந்த என்பியல் வைத்தியர் அல்ஃப் நாகெம்சன், 1960களில், சம்மதித்த ஆட்களின் நாரிப் பகுதி இடைவட்டுக்குள் அமுக்கத்தை உணரும் ஊசியைச் செலுத்தினார். அவர்களை நிற்க, இருக்க, குனிய, படுக்கச் செய்து ஒவ்வொரு நிலையிலும் அளவெடுத்தார். நிற்கும்போது உள்ள அமுக்கத்தை 100 என்று வைத்தால், மல்லாந்து படுக்கும்போது ஏறத்தாழ 25, சாயாமல் நிமிர்ந்து இருக்கும்போது ஏறத்தாழ 140, இருந்தபடி முன்னால் குனியும்போது ஏறத்தாழ 185 என்று அவருடைய அட்டவணை சொன்னது. நிற்பதை விட இருப்பது முதுகுக்குப் பாரம் என்ற செய்தி அன்று பலரையும் வியக்கவைத்தது. உலகெங்கும் கதிரை செய்பவர்கள் இந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டாத குறை.

பிறகு 1999 இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கவும் அவருடைய குழுவினரும், 45 வயதுள்ள ஆரோக்கியமான ஒரே ஒரு மனிதரின் இடைவட்டுக்குள் மெல்லிய உணரியை வைத்து, இரவு பகலாக அளந்தார்கள். நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல். மோட்டார் சைக்கிள் டயருக்குள் இருக்கும் காற்றமுக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. சாயாமல் இயல்பாக இருக்கும்போது 0.46. அதாவது நிற்பதை விடக் கூடுதல் அல்ல. நாகெம்சனின் அட்டவணையோடு இது ஒத்துப்போகவில்லை. பழைய கருவி, புதிய கருவி, பல ஆட்கள், ஒரே ஆள் என்று இரண்டுக்கும் நடுவே வேறுபாடுகள் உண்டு, விவாதமும் நடந்தது.

ஆனால் நம் கேள்விக்கு வேண்டிய இடத்தில் சுவீடன் அளவீடுகளும் உல்ம் அளவீடும் ஒத்துப்போகின்றன. உல்ம் நகரத்து மனிதர் கதிரையின் சாய்வில் முதுகைக் கொடுத்துச் சரிந்திருந்தபோது அமுக்கம் 0.27 ஆக இறங்கியது. 1970களில் சுவீடனின் யோத்தபோரியில் குன்னார் அண்டர்சனும் கூட்டாளிகளும் செய்த அளவீடுகளிலும் அதே முடிவு: சாய்வு பின்னோக்கிச் சற்றுச் சரிந்திருந்தால் அமுக்கம் குறைகிறது, அத்துடன் நாரிக்கு நேரே ஒரு தாங்கல் கொடுத்தால் இன்னும் குறைகிறது, முதுகுத் தசைகளின் மின்னலைகளும் அடங்குகின்றன. வட்டின் அமுக்கம் கூடினால் நோவு கூடியே ஆகவேண்டும் என்பதில்லை. நோவு பல வழிகளில் வரும். ஆனால் தசை ஓய்வெடுக்கிறது, வட்டின் சுமை இறங்குகிறது என்றால், சாய்வு வேலை செய்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

இதிலிருந்து வாங்குபவர் அறியவேண்டிய முதல் அளவு கிடைக்கிறது. சாய்வு எங்கே தொடவேண்டும்? இருக்கையில் ஆள் ஏறி ஸ்பொஞ் அமிழ்ந்த பிறகு, அந்த மட்டத்திலிருந்து 15 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குள். உடம்பில் பார்த்தால், இடுப்புப் பட்டி கட்டும் இடமும் அதற்குச் சற்று மேலும். இடுப்பு என்பு பின்னால் உருளாமல் தடுக்கக்கூடிய இடம் அதுதான். அதற்குக் கீழே, பிட்டம் பின்னால் புடைக்க, வெற்றிடம் வேண்டும். சாய்வின் மெத்தை இருக்கையிலிருந்தே தொடங்கினால் அது பிட்டத்தை முன்னே தள்ளிவிடும், நாரிக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழும், சாய்ந்திருந்தும் கூன்தான்.

கடையில் பளபளவென்று நிற்கும் உயரமான சாய்வுகள் பலவற்றில் எனக்குப் பிடிக்காதது இது. மெத்தை தோள்பட்டை உயரத்தில் இருக்கும். கீழே இரண்டு வெறும் கம்பிகள். தோள் சாயும், இடுப்பு முன்னே வழுக்கும், நடு முதுகு வில்லாக வளையும். அழகுக்காக உயரம் கூட்டிய சாய்வை விட, நாரி மட்டத்தில் நிற்கும் குட்டைச் சாய்வு எத்தனையோ மேல். விலையும் குறைவு.

புதிரின் இரண்டாவது விடை தசைகளைப் பற்றியது. பேருந்தில் பயணிக்குத் தலை சுற்றும், சாரதிக்குச் சுற்றுவதில்லை. திருப்பம் வருவது சாரதிக்கு முன்கூட்டியே தெரியும். முதுகுக்கும் அதே நீதிதான். 1967 இல் மொஸ்கோவில் பெலென்கி, குர்ஃபின்கல், பால்ட்செவ் என்ற மூவர் ஓர் அழகான உண்மையை வெளியிட்டார்கள். நிற்கும் ஒருவர் கையைச் சட்டென்று உயர்த்தும்போது, கைத்தசை வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பே கால் தசைகள் வேலை தொடங்கிவிடுகின்றன. கை உயர்ந்தால் உடல் சமநிலை குலையும் என்று மூளை கணக்குப் போட்டு, குலையுமுன்னே முட்டுக்கொடுத்துவிடுகிறது. 1996 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் போல் ஹொட்ஜஸ், கரோலின் ரிச்சட்சன் இருவரும் இதையே வயிற்றின் ஆழத் தசைகளில் கண்டார்கள். நாரி நோவால் அவதிப்பட்டவர்களிடம் அந்த முன்னேற்பாடு தாமதமாகியிருந்ததையும் கண்டார்கள். இதை முன்னாயத்தம் என்று சொல்வோம்.

ஓட்டுகிறவரின் கை அக்சிலேற்றரைத் திருக்குமுன்னே அவருடைய இடுப்புத் தசைகள் ஆயத்தமாகிவிடும். பிரேக்கை மிதிக்குமுன்னே முதுகு இறுகிவிடும். பின்னால் இருப்பவருக்கோ முன்னால் இருப்பவரின் முதுகும் ஹெல்மெட்டும்தான் தெரியும். வண்டி பாய்ந்த பிறகுதான் பாய்ந்தது தெரியும். சடத்துவத்தால் அவருடைய மேலுடம்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்க, இருக்கை மட்டும் முன்னே போய்விடும். தலை, கைகள், நடுவுடல் மூன்றும் சேர்ந்தால் உடல் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ நிறையுள்ளவருக்கு 40 கிலோ. சாதாரணமாக வண்டியை எடுக்கும்போதே புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு ஆர்முடுகல் வரலாம். அப்போது 8 கிலோ நிறைக்குச் சமமான விசை அவரைப் பின்னால் தள்ளும். எப்போது வரும் என்று தெரியாததால் அவர் எப்போதும் இறுகியே இருக்கிறார். தொடர்ந்து இறுகிய தசைக்குள் குருதியோட்டம் குறைகிறது, களைக்கிறது, பிறகு நோகிறது.

சாய்வு இந்த இரண்டாவது நோவையும் கணிசமாகக் குறைக்கும், ஆனால் பாதிதான். பின்னோக்கிய தள்ளலை அது ஏற்றுக்கொள்கிறது. "விழுந்துவிடுவேனோ" என்ற பயம் போனதும் தசை தானாகத் தளர்கிறது. பிரேக் பிடிக்கும்போது வரும் முன்னோக்கிய தள்ளலை எந்தச் சாய்வும் தடுக்காது. அதற்குத் தொடையும் மிதிதடமும் பிடிகம்பியும்தான் துணை. ஓட்டுகிறவர் மென்மையாக எடுத்து மென்மையாகப் பிடிப்பது இவை எல்லாவற்றையும் விட மலிவான வைத்தியம்.

மூன்றாவது விடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டுகிறவர் இரண்டு சில்லுகளுக்கும் நடுவே இருக்கிறார். பின்னால் இருப்பவர் பின்சில்லுக்கு நேர் மேலே. பின்சில்லு பள்ளத்தில் விழும்போது தூக்கிப்போடுவது அவரைத்தான். இந்த நோவுக்குச் சாய்வு மருந்தல்ல.

அதை விளங்கிக்கொள்ள உங்கள் வண்டியே போதும். பின்பக்கத்தைக் கையால் அழுத்தி விடுங்கள். அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். அதே வேகத்துக்கு இசைய மீண்டும் மீண்டும் அழுத்தினால், சின்ன அழுத்தத்துக்கே ஆட்டம் பெருகிப்போகும். பாடப்புத்தகத்தில் பரிவு என்று படித்தது இதைத்தான். இருக்கும் மனிதரின் முள்ளந்தண்டுக்கும் அப்படி ஒரு சொந்த மீடிறன் உண்டு. 1986 இல் மனோகர் பஞ்சாபி என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் சுவீடன் நாட்டுக் கூட்டாளிகளும், ஆட்களின் நாரி என்புகளிலேயே மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, அதிரும் மேடையில் இருத்தி அளந்தார்கள். மேல்கீழ் அதிர்வில் நொடிக்கு ஏறத்தாழ நான்கரைத் தடவை என்ற இடத்தில் என்புகளின் ஆட்டம் உச்சத்துக்குப் போனது. முழுவுடல் அதிர்வுக்கான சர்வதேசத் தர அளவை, ஐ.எஸ்.ஓ. 2631, மேல்கீழ் அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான பகுதிக்குக் கூடிய கவனம் கொடுப்பதும் இதனோடு பொருந்துகிறது.

நொடிக்கு நான்கரைத் தடவை என்பது எந்த வீதியில் வரும்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் போகிறோம். மூன்று மீற்றருக்கு ஒரு மேடு பள்ளம் என்றால் கணக்குச் சரியாக அங்கே போய் நிற்கும். ஒட்டுப்போட்ட பழைய தார் வீதிகளிலும், மாரி வெள்ளம் அரித்த கிரவல் வீதிகளிலும் இந்த இடைவெளி சாதாரணம். அதே வீதியில் வேகத்தை 30க்குக் குறைத்தால், அதிர்வும் நொடிக்கு மூன்றுக்குக் கீழே இறங்கி, முள்ளந்தண்டின் சொந்த மீடிறனிலிருந்து விலகிவிடும். இஞ்சின் அதிர்வு வேறு வகை. அது நொடிக்குப் பல பத்துத் தடவை. கையையும் பிட்டத்தையும் விறைக்கச் செய்யும், முள்ளந்தண்டைப் பெரிதாக ஆட்டாது.

சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைத்த சாய்வு இந்த ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாக முதுகுக்கு நேரடியாகக் கொண்டுவந்து சேர்க்கவும் கூடும். அந்தத் தர அளவை, இருக்கையில் மட்டுமன்றிச் சாய்விலும் முன்பின் அதிர்வை அளக்கும் முறையை வகுத்திருப்பது வீணாக அல்ல. ஆகவே குன்றும் குழியுமான வீதிக்குத் திரும்பியதும் சாய்விலிருந்து முதுகைச் சற்று விலக்கி, மிதிதடத்தில் பாரத்தைக் கொடுப்பதுதான் சரி. காபட் வீதிக்கு வந்ததும் சாயலாம். ஒட்டுசுட்டானில் இருந்து உட்கிராமம் ஒன்றுக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை உடம்பே சொல்லிக்கொடுக்கும்.

சாய்வுக்குச் செலவழிக்குமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். ஒன்று ஷொக். பெரும்பாலான வண்டிகளில் பின் ஷொக்கின் இறுக்கத்தைப் படிப்படியாக மாற்றலாம். இரண்டு பேர் போகும்போது ஒரு படி, இரண்டு படி கூட்ட வேண்டும். காசு செலவில்லை. மற்றது இருக்கை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் இருக்கை ஸ்பொஞ் நைந்து, நடுவில் குழிந்து, முன்னோக்கிச் சரிந்து கிடக்கிறது. சரிந்த இருக்கையில் எந்தச் சாய்வு பொருத்தினாலும் ஆள் முன்னே வழுக்கிக்கொண்டே இருப்பார். குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து, அடர்த்தி கூடிய ஸ்பொஞ் போட்டு மட்டப்படுத்துவதுதான் முதல் வேலை.

இனிச் சாய்வு. பெரிய சுற்றுலா வண்டிகளான ஹொண்டா கோல்ட் விங் போன்றவற்றில் பின்னால் இருப்பவருக்குச் சோபா போலவே சாய்வு வருகிறது. பஜாஜ் அவெஞ்சரின் குரூஸ் வகையிலும் தொழிற்சாலையிலிருந்தே உண்டு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. ஆனால் அவற்றில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் இருப்பவருக்கு நிலையான கைப்பிடியும் மிதிதடமும் பின்சில்லுக்கு மறைப்பும் கட்டாயம் என்கின்றன. அங்கே செய்த வண்டிகள் இங்கு வரும்போதும் இருக்கைக்குப் பின்னால் உறுதியான பிடிகம்பியோடுதான் வருகின்றன. அந்தக் கம்பியைப் பிணைக்கும் போல்ட் துளைகள் சட்டத்தோடு சேர்ந்தவை. சாய்வைக் கட்டவேண்டிய இடம் அதுவே. சட்டத்தில் புதிதாகத் துளையிடவோ வெட்டவோ கூடாது. பின் விளக்கையும் இலக்கத்தகட்டையும் மறைக்கவும் கூடாது.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். கல்லைப் புரட்ட அலவாங்கை நீளமாகப் பிடிப்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். சாய்வும் ஓர் அலவாங்குதான். ஆனால் அது புரட்டப் பார்ப்பது உங்கள் போல்ட்டை. சாதாரண ஆர்முடுகலில், சாய்ந்திருக்கும் பாரமும் சேர்ந்து, முதுகு மெத்தையை 12 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது என்று வைப்போம். மெத்தையின் நடு, கீழ் போல்ட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில். மேல் போல்ட் 10 சென்ரிமீற்றர் உயரத்தில். மேல் போல்ட்டுக்கு வரும் இழுவை 36 கிலோ. மெத்தையை 50 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினால் 60 கிலோ. இது நல்ல வீதியில். பள்ளத்தில் விழும்போது ஆள் முழுதாகச் சாய்ந்தால் இதன் பல மடங்கு. குட்டைச் சாய்வை நான் விரும்புவதற்கு இது இரண்டாவது காரணம்.

ஒரே தடவையில் முறியாத இரும்பும் ஆயிரம் தடவை ஆடினால் முறியும். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜேர்மனியரான ஔகுஸ்ட் வோலர், புகையிரத அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வரும் சிறிய சுமையே காரணம் என்று நிறுவினார். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். வெடிப்பு பெரும்பாலும் ஒட்டின் விளிம்பில் தொடங்கும். ஆகவே ஒட்டுக் கடையில் செய்விக்கும்போது மூலையில் வெறும் ஒட்டை நம்பாமல், முக்கோணத் தகடு ஒன்று வைத்து ஒட்டச் சொல்லுங்கள். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டுவது மலிவாகத் தெரியும். பூச்சைச் சுரண்டாமல் ஒட்டினால் ஒட்டும் பலவீனம், வரும் புகை ஒட்டுகிறவரின் நெஞ்சுக்கும் கேடு. சாதாரண இரும்புக் குழாய் போதும். போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால் அது உறுதி கூடிய இனம். எண் எதுவும் இல்லாத மெல்லிரும்பு போல்ட்டை விடக் கொஞ்சம்தான் விலை கூட.

காசை மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் மெத்தை. பழைய கார் இருக்கையின் தலைத்தாங்கியோ, கழித்துவிட்ட பேருந்து இருக்கையின் ஸ்பொஞ்சோ நன்றாகவே வேலை செய்யும். மெதுமை முக்கியமல்ல, அழுத்தும்போது அடித்தகடு முதுகுக்குத் தட்டுப்படாமல் இருந்தால் சரி. வன்னி வெயிலில் கறுப்பு ரெக்சின் சுடும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். தையல் மேற்பக்கம் வந்தால் கார்த்திகை மழை அதற்குள்ளால் இறங்கி ஸ்பொஞ் ஊறிவிடும். தையலைக் கீழ்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். இரப்பர் பூசிய தும்பு மெத்தை கிடைத்தால் அது தண்ணீரையும் தேக்காது, காற்றும் ஓடும்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது? ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஆள் வசதியாக இருந்து, பின்னே ஒரு விரல் இடைவெளி. அதற்கு மேல் பின்னால் தள்ளிவைத்தால் ஆளின் பாரம் பின்சில்லின் அச்சையும் தாண்டிப் போய், முன்சில்லு இலேசாகிவிடும். திருப்பத்தில் கைப்பிடி காற்றில் மிதப்பது போலிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சாய்வுக்குப் பின்னால் பொதி கட்டினால் நிலை இன்னும் மோசம்.

ஓட்டுகிறவருக்கும் சாய்வு வேண்டாமா என்று கேட்பார்கள். நீண்ட இருக்கையுள்ள பெரிய வண்டியானால், மடிக்கக்கூடிய குட்டைச் சாய்வு நல்லது. சாய்ந்திருக்கும்போதும் முழங்கை மடிந்தே இருக்கவேண்டும். கை நேராக நீண்டால் தோளுக்கு நோவு மாறும், திருப்புவதும் கடினம். 100, 125 சீசீ வண்டியில் இரண்டு பேர் போவதானால் வேண்டாம் என்பேன். இருக்கையில் இடமில்லை, பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவரின் வயிறு அந்தச் சாய்வில்தான் மோதும். தனியாகப் போகும் நாளில் உடுப்புப் பையை இறுக்கி நிரப்பி, பின்னிருக்கையில் நாரியைத் தொடும்படி இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். அதைவிட மலிவான சாய்வு கிடையாது. பின்னால் இருப்பவருக்கும் எந்த உயரம் ஒத்துவரும் என்று பார்க்க, நிறுத்திய வண்டியில், சுருட்டிய துவாயை அவருடைய நாரிக்குப் பின்னால் வைத்து ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். காசு கொடுக்குமுன் அளவு கையில் இருக்கும்.

கடைகளில் விற்கும் எந்தச் சாய்வும் எண்ணிப்பார்க்காத ஒருவர் நம் வீதிகளில் தினமும் போகிறார்: சேலை கட்டி, ஒரு பக்கமாக இருந்து பாடசாலைக்குப் போகும் ஆசிரியை. இடப்பக்கம் பார்த்து இருப்பவருக்கு வண்டியின் முன்பக்கம் அவருடைய வலக்கைப் பக்கம். சாய்வு இடக்கைப் பக்கம். ஆர்முடுகல் வரும்போது அவர் பின்னால் சாய்வதில்லை, இடப்பக்கம் சாய்கிறார். சாய்வு அவருடைய நாரியைத் தொடாது, இட விலாவைத் தொடும். முதுகுத் தசைகளுக்குப் பதில் விலாப்பக்கத் தசைகள் இறுகும். கால் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று இடுப்பு முறுகியும் இருக்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பதுதான் முதுகுக்கும் உயிருக்கும் நல்லது. முடியாத நாட்களில் சாய்வின் இடப்பக்க விளிம்பில் வெறும் குழாயோ போல்ட் தலையோ துருத்தாமல், மெத்தை அந்த விளிம்பையும் சுற்றி வரவேண்டும். இடக்கை பிடிக்க மெத்தைக்குக் கீழே குறுக்குக் கம்பி ஒன்று வேண்டும். ஒட்டுகிறவரிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

போரில் காலை இழந்தவர்களும் நம் ஊரில் பின்னிருக்கையில் பயணம் போகிறார்கள். ஒரு காலால் மட்டும் மிதிதடத்தை ஊன்றுகிறவருக்குச் சாய்வை விடப் பக்கப் பிடிகம்பிதான் முதல் தேவை. சாய்வு அகலமாகவும் இரு ஓரங்களும் சற்று முன்னே வளைந்தும் இருந்தால் பக்கவாட்டில் சரிவதைக் குறைக்கும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இடுப்பில் உணர்ச்சி இல்லாதவருக்கு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை ஏற்றதல்ல. தையல் மடிப்பு ஒன்று உறுத்தினாலும் அவருக்குத் தெரியாது. தெரியாத உறுத்தல்தான் படுக்கைப்புண்ணாகிறது. அவரை ஆட்டோவில் ஏற்றிப் போங்கள்.

பொருத்திய பிறகு முதல் வாரத்தில் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு சேர்விசின்போதும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒட்டின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கவேண்டும். வர்ணத்துக்குக் குறுக்கே தலைமயிர் அளவில் ஒரு துருக்கோடு தெரிந்தால் அது வெறும் துரு அல்ல, வெடிப்பு. அதன் மேல் வர்ணம் பூசாமல், சாய்வைக் கழற்றி ஒட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள்.